மூன்று தரம் அடித்தால்

மாலை ஆறரை மணி இருக்கும். கோபிநத்தத்திலிருந்து பாலாறு வருகிற காட்டுச் சாலை. காற்று இல்லை. மண் வாடை மட்டும் இருந்தது... மழை இல்லை. தூரத்தில் மாதேஸ்வரன் மலைக்கு மேலே சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் ஒரே ஒரு பைக்.

ஓட்டி வந்தவர் சந்துரு. என் பள்ளித் தோழி மனிஷாவின் அண்ணன். மனிஷாவை உங்களில் சிலருக்குத் தெரியும். சாமராஜநகரில் இருக்கிறாள், என் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். கரண்ட் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். அந்த மொபைல் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிடுங்கள், கண் கூசுகிறது.

சந்துரு சொந்த ஊரில் தன் அக்காவைப் புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இரவு தங்கிப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். நாளைக்கு வகுப்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. எப்போதும் அங்கேதான் இருக்கும். பழக்கத்தில் அன்றைக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வளைவு ஒன்றில் திரும்பும்போது அது அதிர்ந்தது.

ட்ர்ர்... ட்ர்ர்... ட்ர்ர்...

மூன்று தரம்.

அவர் யோசிக்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினார். “இதோ வந்துட்டேன் அக்கா” என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். அடுத்த வளைவு தாண்டிய பிறகுதான் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். பூச்சிகளின் இரைச்சல். சூடான சைலன்சர் டிக் டிக் என்று ஆறுகிற சத்தம். பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்தார். சின்ன சிவப்பு விளக்கு எரிந்து கொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்கு மைசூரில் அவர் வீட்டு வாசல் வரைக்கும்தான் கேட்கும். அதற்கு அந்தப் பக்கம் காது கிடையாது.

*

அந்த அக்கா, லீலாக்காதான் அவர்கள் இருவரையும் வளர்த்தது. அப்பா அம்மா போன பிறகு ஊரை விட்டு மைசூருக்கு வந்து, நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்தார். சந்துருவை எஞ்சினியரிங் படிக்க வைத்தார். மனிஷாவைக் கட்டிக்கொடுத்தார். தான் கட்டிக்கொள்ளவில்லை. சந்துரு ஒரு காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் லெக்சரர் ஆனார். ரிங் ரோட்டைத் தாண்டி, பாதி மனைகள் காலியாகக் கிடந்த ஒரு லேஅவுட்டில் வீடு கட்டினார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்காவுக்கு நோய் வந்துவிட்டது.

நரம்பு நோய். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்புறம் டம்ளர் பிடிக்க முடியவில்லை. அப்புறம் கால். கடைசியில் பேச்சும் போய்விட்டது. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம்.

சந்துரு அந்த விரலுக்கு ஒரு பட்டன் செய்தார். மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்வது. விரலை மடக்கி அமுக்கினால் இவர் பையில் இருக்கிற பெட்டி அதிரும். ஒரு தரம் அடித்தால் தண்ணீர். இரண்டு தரம் அடித்தால் ஃபேன். மூன்று தரம் அடித்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுத்தே இருக்கிற உடம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் புண் வந்துவிடும். பகலில் கௌரம்மா என்று ஒரு அம்மா வந்து பார்த்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் சந்துருதான். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். முதுகுக்குப் போடுகிற பவுடரும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை அந்த அறையில் எப்போதும் இருக்கும். காற்று மெத்தையின் மோட்டார் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு மேல். ஒரு நாள்கூடப் புண் வர விடவில்லை.

ஒரு விடியற்காலையில் அக்கா இறந்துபோனார். மோதிரத்தைச் சந்துருவே விரலிலிருந்து கழற்றினார். பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்தார். அவர் அழவில்லை. ஊரில் குழி வெட்டிய லிங்கப்பன் மூன்று பிடி மண் போடச் சொன்னார். போட்டார். மனிஷா பக்கத்தில் நின்றாள். “கையில மண்ணு இருக்கறதே தெரியல மனிஷா” என்று மட்டும் சொன்னாராம். துக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

காட்டுச் சாலையில் பெட்டி அடித்ததற்கு அவர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். அவர் பாடம் நடத்துகிற விஷயம்தானே அது. நான் காமர்ஸ் படித்தவள். மனிஷா எனக்குப் புரிய வைத்த மாதிரியே சொல்கிறேன்.

கம்பியில்லாமல் சேதி அனுப்ப மூன்று அடிப்படை வழி உண்டாம். முதல் வழி, டார்ச் அடிக்கிற மாதிரி. அலை இருந்தால் ஒன்று. அலை இல்லாவிட்டால் சைபர். ரொம்ப எளிது. அக்காவின் மோதிரத்தில் இருந்தது அதுதான். ஆனால் அதில் ஒரு கோளாறு. வேறு யார் டார்ச் அடித்தாலும் ஏமாந்துவிடும். மின்னல் வெட்டினால்கூட, யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

மலை மேலே மின்னல் இருந்தது. அதுதான் காரணம். அப்படிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அடித்தது. மூன்று தரம். மின்னல் இல்லை. வானம் சுத்தமாக இருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தார். மோதிரம் வைத்த இடத்தில் இருந்தது. பேட்டரி அதற்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. தெருவில் யாராவது காரை ரிமோட்டில் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்தார். வாசலுக்குப் போய்ப் பார்த்தார். தெருவில் கார் இல்லை. எதிர் மனையில் ஒரு நாய் மட்டும் இவர் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பயமாக இல்லையா என்று மனிஷா பின்னால் கேட்டிருக்கிறாள். இல்லை என்றார். பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அந்த மாதிரி இருந்ததாம், உடம்பு முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்து இரண்டாவது வழிக்கு மாற்றினார். இதில் அலை எப்போதும் இருக்கும். இரண்டு விசில் மாதிரி. மெல்லிய விசில் என்றால் ஒன்று, தடித்த விசில் என்றால் சைபர். சும்மா இருப்பது என்பதே இதில் கிடையாது. மின்னலுக்கு விசில் அடிக்கத் தெரியாது, அதனால் ஏமாறாது. சில நாள் பெட்டி வாயே திறக்கவில்லை. தீர்ந்தது என்று நினைத்தார்.

அடுத்த வாரம், காபி போட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தது. மூன்று தரம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அதிர்வதைக் கேட்டபடி நின்றார்.

மூன்றாவது வழிதான் மிஞ்சியிருந்தது. அதில் அலையின் உயரமும் மாறாது, விசிலும் மாறாது. அலை புரளும், அவ்வளவுதான். மேலே ஏற வேண்டிய நேரத்தில் கீழே இறங்கும். மல்லாந்தால் ஒன்று, குப்புறப் படுத்தால் சைபர் என்று அவர் வகுப்பில் சொல்வாராம். எந்தக் கணத்தில் புரண்டது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை. அவர் காலேஜ் லேபில் உட்கார்ந்து கேட்கிற பெட்டியை மட்டும் செய்தார். அனுப்புகிற கருவியைச் செய்யவே இல்லை. அந்தப் பெட்டியோடு பேசத் தெரிந்த ஒரு கருவி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. அதை அவரே அறிவார்.

மதியம். லேபில் ஆள் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. அலையைக் காட்டுகிற திரையோடு பெட்டியைச் சேர்த்தார். பச்சைக் கோடு நேராகக் கிடந்தது.

அப்புறம் அது அசைந்தது.

லேபில் மாணவர்கள் எடுக்கிற அலை எப்போதும் கொஞ்சம் கிழிசலாகத்தான் வருமாம். இது கிழிசல் இல்லை. ஒரே சீரான அலை, தையல் போட்ட மாதிரி. அது புரண்டது. நிமிர்ந்தது. மறுபடி புரண்டது... மேஜை மேல் பெட்டி அதிர்ந்து, அதிர்ந்தபடியே நகர்ந்து, விளிம்புக்கு வந்து நின்றது.

மூன்று தரம்.

சந்துரு திரையை அணைத்தார். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்தார். பையில் அதிர்ந்துகொண்டே இருந்த பெட்டியோடு நேராக வீட்டுக்கு வந்தார். அக்காவின் அறையைத் திறந்தார். கட்டிலும் காற்று மெத்தையும் வாடகைக்கு எடுத்தவை, இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. மோட்டாரைப் போட்டார். ம்ம்ம்... ஒரு கையைத் தோள் இருக்க வேண்டிய இடத்தில் விட்டார். ஒரு கையை இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் விட்டார். புரட்டினார்.

பெட்டி நின்றுவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது.

*

இது எத்தனை நாள் நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. காலேஜுக்குப் போவார், பாடம் எடுப்பார், நடுவில் காணாமல் போவார். மழைக்காலம் முடிந்து, தசரா கூட்டம் வந்து போய், பனி விழ ஆரம்பித்திருந்தது. மனிஷா போன் செய்தால் எடுப்பார். சாப்பிட்டேன் என்பார். வைத்துவிடுவார்.

கௌரம்மா ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் வேறு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர், சாரை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறார். கதவு சாத்தியிருக்கவில்லை. அறைக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பவுடர் வாடையும் இருந்தது. எட்டிப் பார்த்தார். சந்துரு காலிக் கட்டில் மேல் குனிந்து, கனமான எதையோ தூக்குகிற மாதிரி முக்கி, மெதுவாகப் புரட்டி, முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொண்டிருந்தார்.

கௌரம்மா தெருவுக்கு வந்துதான் மனிஷாவுக்குப் போன் போட்டார்.

“மனிஷம்மா, ஸ்வல்ப பேக வாங்க” என்றார். கன்னடத்தில் கொஞ்சம் சீக்கிரம் என்று அர்த்தம். “சார் காலிக் கட்டிலைப் புரட்டறாங்க. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்... சோகத்துல பண்றது வேற. இது அப்படியில்லைம்மா.”

“பின்னே எப்படி?”

“மெத்தை பள்ளமாச்சு, அம்மா. சார் கையை எடுத்தாங்க. பள்ளம் அப்படியே இருந்துச்சு.”

அன்று மாலையே மனிஷாவும் அவள் கணவர் தீபக்கும் காரில் வந்துவிட்டார்கள். சந்துரு கதவைத் திறந்தார். இளைத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. வாங்க என்றார், காபி போடட்டுமா என்று கேட்டார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பெட்டி அடித்தது. அவர் பாதிப் பேச்சில் எழுந்து போனார். மனிஷா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவளும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாளா என்று கேட்டேன். அவள் அதைத் தாண்டி அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் திரும்பி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இங்க வேண்டாம்.”

“அக்காவை யாரு புரட்டுவா?”

“அக்கா இல்லைண்ணா.”

“தெரியும்” என்றார். “புதைச்சுட்டுத்தானே வந்தோம். இருந்தாலும் கூப்பிடுதில்ல.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னாராம்.

தீபக் பெட்டியைப் பிடுங்கிப் பேட்டரியைக் கழற்றி, பரணில் எறிந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து சந்துருவைக் காரில் ஏற்றினார்கள். அவர் எதிர்க்கவில்லை. நஞ்சன்கூடு தாண்டும்போது மனிஷாவுக்கு அந்த வாடை வந்தது. முதலில் வீட்டு வாடைதான் துணியில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தாள். ஜன்னலை இறக்கினாள். போகவில்லை. பவுடரும் ஸ்பிரிட்டும் இல்லை. அதற்கு அடியில் இருக்கிற இன்னொரு வாடை.

வீட்டில் குளிக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வரவில்லை. வெந்நீர் ஊற்றி ஊற்றி உரித்தார்கள். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. தீபக் கார் சாவியை எடுக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் எத்தனை மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. படுக்கையா? நேற்று வரைக்கும் நின்றுகொண்டு பாடம் எடுத்திருக்கிறார், இதோ நடந்துதானே உள்ளே வந்தார் என்றாள். டாக்டர் தலையை ஆட்டினார். அது படுக்கைப்புண். அசையாமல் மாதக்கணக்கில் மல்லாந்தே கிடக்கிற உடம்புக்கு, யாருமே புரட்டாமல் விட்ட உடம்புக்கு வருவது. எலும்பு வரைக்கும் போயிருந்தது.

நரம்பு டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். அக்காவுக்கு வந்த நோய் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. ஊசியால் குத்தினால் மட்டும் தெரியவில்லை. காரணம் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மனிஷாவுக்கு அது தோன்றியது. என்னிடம் சொல்லும்போதும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அக்கா மூணு தரம் அடிச்சது... தன்னைப் புரட்டச் சொல்லியா, இல்ல அண்ணனை...”

*

புண் ஆற ரொம்ப நாள் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து மனிஷா வீட்டுக்குக் கூட்டி வந்து, சந்துருவைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். இப்போது அவரை. மனிஷா ஒரு தரம், தீபக் ஒரு தரம். மொபைலில் அலாரம் வைத்துக்கொண்டார்கள். அவர் மரக்கட்டை மாதிரி கிடப்பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஊட்டினால் சாப்பிடுவார். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று தெரியாமலே குடிப்பார். அழுதுவிடுண்ணா என்று மனிஷா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். அழ என்ன இருக்கு என்று கேட்டாராம்.

ஒரு நாள் மனிஷா அசந்து தூங்கிவிட்டாள். அலாரம் அடித்ததா, அணைத்தாளா, தெரியாது. கண் விழித்தபோது ஜன்னலில் வெளுத்திருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

இடது பக்கம் பார்க்கப் படுக்க வைத்த மனிதர் வலது பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். முழங்காலுக்கு நடுவில் தலையணை இருந்தது. போர்வை கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. தீபக் ஹாலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சந்துரு விழித்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணை நனைந்திருந்தது.

“கை சில்லுனு இருந்துச்சு மனிஷா” என்றார். “தோள்ல. நல்லாத் தெரிஞ்சுது.”

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் தோளைத் தொட்டாள். தெரியுது என்றார். கையைக் கிள்ளினாள். வலிக்குது என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருக்கு வலித்தது. அவர் வாயைத் திறந்து, சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். அக்கா அக்கா என்று அழுதார். மனிஷா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவளும் அழுதாள். அவளுக்குப் பயமே இல்லையாம் அப்போது. அக்கா வந்துவிட்டுப் போயிருக்கிறாள், அண்ணனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தாளாம்.

நினைத்தது சரிதான் போலிருக்கிறது. புண் அதற்கப்புறம் வேகமாக ஆறிவிட்டது. அவர் இப்போது மைசூரில் வேறு வீட்டில் இருக்கிறார். வேலைக்குப் போகிறார். போன மாதம்கூட மனிஷா வீட்டுக்கு வந்து, எல்லோரோடும் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனாராம்.

ஆனால் அன்றைக்குக் காலையில் அழுது முடித்த பிறகு அவர் ஒன்று கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக.

“அக்கா தோளைப் புடிச்சுது. கால்பக்கம் புடிச்சது யாரு?”

மனிஷா தீபக் என்று சொல்ல வாயெடுத்தாள். ஹாலில் குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“யாரா இருந்தாலும் போதும்னு சொல்லு” என்றார் சந்துரு. “இன்னும் விடல.”

அறையில் அப்போது நல்ல வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. மனிஷா கட்டிலின் கால்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

என்ன இருந்தது என்று கேட்டேன்.

“போர்வை. அண்ணன் கால் இல்லாத இடத்துல, கொஞ்சம் மேடா” என்றாள்.